எடுத்துப் போட்டுருங்க

திரையில் ஒரு குன்று தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு குன்றுகள் நின்றன.

ஷைமா கண்ணாடியைக் கழற்றினாள். வெள்ளைக் கோட்டின் நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். இரண்டும் அசையாமல் அங்கேயே நின்றன.

சரவணம்பட்டியில் இருந்த அந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. கோட்டைமேட்டுப் பாத்திரக்கடை அப்துல் வஹீதின் மகள். நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று அத்தா ஒருநாள் கேட்டபோது இப்படித்தான் விளக்கினாள்:

“ஆபரேஷன்ல தைப்பாங்களே, தானாக் கரைஞ்சு போற நூலு, அதே சரக்குல கண்ணுக்குத் தெரியாத உருண்டை பண்றோம் அத்தா. அதுக்குள்ள கேன்சர் மருந்தை அடைச்சு ரத்தத்துல விடுவோம். அந்த உருண்டைங்க கேன்சர் கட்டி இருக்கற எடத்துல போய்த் தங்கி மெதுவாக் கரையும். மருந்து முக்காவாசி அங்கதான் எறங்கும். மத்த உடம்பை அவ்வளவா வாட்டாது.”

“அப்போ பார்சல் சர்வீஸுன்னு சொல்லு” என்றார் அத்தா.

அந்தப் பார்சல் ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனில் ஐந்நூறில் ஒரு பங்குதான் இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அளக்கும் கருவியின் திரையில் ஒற்றைக் குன்று தெரியும். தூரத்தில் இன்னொரு குன்று முளைத்திருக்கிறதென்றால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி தட்டிவிட்டன என்று பொருள்.

காலையில் குப்பியை எடுத்தபோதே அவளுக்கு உறுத்தியது. விளிம்பில் மெல்லிய ஐஸ். வீட்டு ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்த கொத்தமல்லி உறைந்து கறுத்துப் போகுமே, அந்தக் கதைதான். யாரோ மருந்துப் பெட்டியைப் பின்சுவரோடு அழுத்தி வைத்திருக்கிறார்கள். குளிரில் இருக்க வேண்டிய மருந்து. உறையக் கூடாத மருந்து. உறைந்து உருகிவிட்டால் பார்வைக்கு அதே பால் வெள்ளைதான், வித்தியாசமே தெரியாது. ஆனால் ரத்தத்தில் ஏறினால் அந்தக் கட்டிகள் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

அவள் கையில் இருந்தது சோதனைக்காக நிறுத்திவைத்த ஒரே ஒரு குப்பி. அதே பெட்டியின் மீதிக் குப்பிகள் நேற்றே தாராபுரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. இன்று அங்கே, சோதனையில் சேர்ந்திருக்கும் புற்றுநோயாளி சென்னியம்மாளுக்கு மூன்றாவது தவணை.

ஷைமா முதலாளியின் அறைக்கு ஓடினாள்.

நரசிம்மலு பரம்பரையாக பம்ப் செட் செய்த குடும்பம். மருந்துக்கு வந்தது அவர் காலத்தில்தான். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த வெள்ளிப் பிள்ளையாரை ஒரு விரலால் நேராக்கினார்.

“யார்கிட்டயாவது சொன்னியா அம்மணி?”

“இல்லைங்க சார். நேரா இங்கதான் வாரேன்.”

“நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் டெல்லியில இருந்து ஆய்வுக்கு ஆள் வர்றாங்க. இந்த நேரத்துல மருந்து கெட்டுப்போச்சுன்னு பேச்சு கிளம்புச்சுன்னா மொத்தத்துக்கும் பூட்டுத்தான். நர்ஸம்மாவக் கூப்பிடு. பெட்டியை எடுத்துப் போடச் சொல்லு. காரணமெல்லாம் வேண்டாம். டாக்டர்கிட்ட நான் பக்குவமாப் பேசிக்கறேன்.”

ஷைமா தயங்கினாள்.

“பெட்டி குப்பைக்குப் போயிருச்சுன்னா யாருக்கு என்ன கெடுதல்?” என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. அவர் முன்னாலேயே போனை எடுத்தாள்.

தாராபுரத்தில் இந்த மருந்துச் சோதனையைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் கோகிலவாணி. ஷைமாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். ஒவ்வொரு தவணைக்கு முன்னும் ஷைமா போன் செய்து ‘ஆகட்டும்’ என்று சொன்ன பிறகுதான் குப்பியைத் திறப்பாள். அது அவர்களுக்குள் பழகிப்போன ஏற்பாடு.

“ஏனுங்க்கா, நாந்தானுங்க, ஷைமா.”

“சொல்லுங்க அம்மணி! உங்க போனைத்தான் பாத்துக்கிட்டே இருக்கறேன். அந்தம்மா காலையில வெள்ளனவே வந்து உக்காந்துட்டு, ‘என்ன கோகிலா, உன்ற மருந்து பஸ்ஸை உட்டுருச்சா’ன்னு என்னையப் போட்டு வறுக்குது.”

ஷைமா சிரித்து வைத்தாள். எதிரே நரசிம்மலுவின் கண்கள் அவள் உதட்டிலேயே இருந்தன.

“அக்கா, நேத்து வந்துச்சில்லீங்க, அந்தப் பெட்டி…”

“பக்கத்துலயேதானுங்க இருக்குது.”

“அதை எடுத்துப் போட்டுருங்க. இனி வெச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்.”

“டாக்டருகிட்ட ஒரு வார்த்தை…”

“டாக்டர்கிட்ட சார் பேசிக்குவாருங்க.”

“அப்பறம் என்னங்க! இப்பவே போட்டுர்றேனுங்க அம்மணி.”

போனை வைத்ததும் ஷைமாவுக்கு மூச்சு லேசானது. புது மருந்து தயாரிக்கும் வேலையைத் தொடங்க, தூசுகூட நுழையாத கிளீன் ரூமுக்குப் போனாள். அதற்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் நுழைந்தாள்.

வெளியே வந்து போனை எடுத்தபோது கோகிலவாணியிடமிருந்து இரண்டு செய்திகள் வந்திருந்தன.

முதல் செய்தி: ‘போட்டாச்சுங்க அம்மணி.’

அப்பாடா!

இரண்டாவது செய்தி: ‘நல்லா ஓடுதுங்க. அந்தம்மா கதை பேசிக்கிட்டு இருக்குதுங்க.’

ஷைமா அதை இன்னொரு தடவை படித்தாள். குப்பையில் போட்ட மருந்து எங்கே ஓடும்?

போடுவது. குப்பையில் போடுவதும் அதுதான். ஊசி போடுவதும் அதுதான். ‘ஆகட்டும்’ என்ற ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து காத்திருந்த நர்ஸின் காதில் எது விழும்? காரணத்தை மறைத்து மொட்டையாகச் சொன்னவள் இவள். துருவிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று கேட்காமல் விட்டவள் அவள். மரியாதை இருவர் பக்கமும் குறையவில்லை. மருந்து மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

கோகிலவாணியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்புக்குப் போட்டாள்.

“லைன்லயே இருங்க” என்றது ஒரு குரல். நாதஸ்வரம் வாசித்தார்கள். ஷைமா சுவரைக் குத்தினாள். நாதஸ்வரம் நின்று, வார்டில் யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

“கோகிலவாணி அக்காவைக் கூப்பிடுங்க, அவசரம்!”

“அக்கா வர முடியாதுங்க. உள்ள ஒரு அம்மாவுக்குத் திடீர்னு மூச்சு முட்டிப்போச்சுங்க. டாக்டரு, சிஸ்டரு எல்லாரும் அங்கதான் இருக்கறாங்க.”

“எந்த அம்மா?”

“அதானுங்க, காங்கேயத்துல தேங்காய் காயப்போடற களம் வெச்சிருக்கற அம்மா. நெம்பப் பேசுமே, அந்தம்மா.”

லைன் அறுந்தது.

சென்னியம்மாள். முதல் தவணையன்று ஷைமா தாராபுரம் போயிருந்தாள். கட்டிலைச் சுற்றி டாக்டர், நர்ஸ், கம்பெனி ஆட்கள் என்று கூட்டம். “இத்தனூண்டு பாட்டலுக்கு இத்தனை பேரா? பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குது போங்க!” என்று ஓரமாக நின்ற கணவர் ராக்கியப்பனைப் பார்த்துக் கண்ணடித்தவள். சினைப்பையில் புற்று. மற்ற மருந்துகளெல்லாம் கைவிட்ட பிறகு வந்தவள். இரண்டு தவணையில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

ஷைமா மறுபடி நரசிம்மலுவின் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டவில்லை.

அவர் ஏற்கெனவே போனில் இருந்தார். ஸ்பீக்கரில் தாராபுரத்து டாக்டர் ரவிதேஜாவின் குரல் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தது.

“…அலர்ஜிதாங்க சார். இந்த மருந்துல எதிர்பார்க்கறதுதான். உடனே நிறுத்தி, அதுக்குண்டான ஊசி போட்டுட்டோம். கொஞ்சம் தணிஞ்சிருக்கு. இன்னும் சித்த நேரம் பார்த்துட்டு, வேகத்தைக் குறைச்சு மீதியை ஓட விட்டுடலாம்.”

நரசிம்மலு உள்ளங்கையைக் காட்டி ஷைமாவைத் தடுத்தார்.

“இன்னிக்கு வேண்டாமுங்க டாக்டர். இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“ஏன் சார்?”

“சும்மாதானுங்க… அந்தம்மாவுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு.”

ரவிதேஜா சிரித்தார். “சார், பம்ப் செட்டை நீங்க பாருங்க, பேஷண்ட்டை நான் பாத்துக்கறேன். கட்டி இத்தனை நல்லாச் சுருங்கிக்கிட்டு வர்றப்போ தவணையைத் தள்ளக் கூடாது. வெச்சிடட்டுங்களா?”

வைத்துவிட்டார்.

“சார், அது அலர்ஜி இல்லைங்க!” என்றாள் ஷைமா. “நுரையீரல்ல அடைக்குது. மறுபடி ஓட விட்டா அந்தம்மா பொழைக்காது. காரணத்தைச் சொன்னாத்தான் நிறுத்துவாரு.”

“சொல்லுவேன். சொல்ற விதத்துல சொல்லுவேன். நீ பதறாத.”

“எப்போங்க சார்? இப்பவே கூப்பிடுங்க!”

நரசிம்மலு எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உக்காரு அம்மணி. நீ ஒரு சென்னியம்மாவப் பாக்கறே. நான் அவங்களுக்குப் பின்னாடி வரிசையில நிக்கறவங்களப் பாக்கறேன். இந்த மருந்து கேக்குதுன்னு நீதானே நிரூபிச்சே? கட்டி தட்டுச்சு, ஆள் மூச்சுத் திணறுச்சுன்னு ஒரு பேச்சு வெளிய போனா இதை எடுத்து மூலையில வெச்சிருவாங்க. அப்பறம் அந்த வரிசைக்கு யாரு பதில் சொல்றது? அலர்ஜின்னு டாக்டரே சொல்றாரு. அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும். நான் நாலு பேரை விட்டுச் சொல்லி ட்ரிப்ஸை நிறுத்தறேன்.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஷைமா அதை யோசித்தாள். அவர் பொய் சொல்லவில்லை. மருந்து நிஜமாகவே கேட்கிறது. ஆறு வருடம் அதற்காகத்தான் இரவு பகல் பார்க்காமல் உழைத்தாள்.

அவள் கையிலிருந்த போன் ஒலித்தது. கோகிலவாணி!

“அம்மணி, கூப்பிட்டிருந்தீங்களா? கொஞ்சம் களேபரமாப் போச்சுங்க. இப்போ பரவாயில்லீங்க. டாக்டரு சொல்லி மறுபடி தொறந்து உட்டிருக்கறேன், மெதுவாத்தான் ஓடுது. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க…”

“அக்கா, கொஞ்சம் கேளுங்க, அந்த மருந்து வந்துங்க…”

“அதானுங்க, சித்தெ இருங்க, டாக்டரு கூப்பிடறாரு, சார்ட்டைக் குடுத்துப்போட்டு வாரேனுங்க…”

“கோகிலா!”

அறையே அதிர்ந்தது. நரசிம்மலு ஒரு அடி பின்வாங்கினார்.

“ட்ரிப்ஸை மூடுடி! மூடு! இப்பவே!”

பிறந்ததிலிருந்து தன்னைவிட மூத்த ஒருத்தியை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘ங்க’ போடாமல் கோகிலவாணியிடம் பேசியதாகவே நினைவில்லை. மறுமுனையில் செருப்புச் சத்தம், ஓட்டம். பிளாஸ்டிக் திருகியின் கிறீச்.

“மூடிட்டேன்” என்றாள் கோகிலவாணி. அவளிடமும் ‘ங்க’ இல்லை. “என்னன்னு சொல்லு.”

“அதைக் குப்பையில போடச் சொன்னேன். ஊசி போடச் சொல்லல. மருந்து உறைஞ்சு கட்டி தட்டிப்போச்சு. நுரையீரல்ல போய் அடைக்குது, அலர்ஜி இல்ல. டாக்டர்கிட்டப் போனைக் குடு.”

நரசிம்மலு நாற்காலியில் உட்கார்ந்தார். போனைப் பிடுங்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ரவிதேஜா குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இதை ஏம்மா காலையிலயே சொல்லல?”

ஷைமா வாயைத் திறப்பதற்குள் அவர் யாருக்கோ கத்த ஆரம்பித்துவிட்டார். ஆக்ஸிஜன். ஆம்புலன்ஸ். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. படுக்கை. போன் அணைந்தது.

“போய் உன்ற சாமானை எடுத்துக்கோ” என்றார் நரசிம்மலு, இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே. “நாளையில இருந்து வர வேண்டாம்.”

ஷைமா சாமான் எதையும் எடுக்கவில்லை. அளவுக் கருவியின் இரண்டு குன்றுகளையும் அச்செடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஐ.சி.யூ. வாசலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ராக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டாமல், யாரைப் பார்த்தாலும் எழுந்து நின்றார். துப்புரவுப் பணியாளுக்கும் எழுந்தார். ஆம்புலன்ஸில் கூடவே வந்த கோகிலவாணி சுவரோரம் நின்றிருந்தாள். சீருடையில் வாந்திக் கறை.

ஷைமாவைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

“வாங்க அம்மணி. உங்க சாரு எங்க பெரிய டாக்டருக்குப் போன் பண்ணிட்டாருங்க. எடுத்துப் போடச் சொன்னோம், நர்ஸம்மா தப்பாக் காதுல வாங்கிருச்சுன்னு. இருபது வருஷ சர்வீஸுல ஒரு குறை சொன்னதில்லீங்க என்னைய.”

“நீங்க தப்பாக் கேக்கலீங்க்கா. நான்தான் தப்பாச் சொன்னேன். உங்க பெரிய டாக்டர்கிட்டப் போன்ல சொல்லிட்டுத்தான் வாரேன். இங்க இருக்கற டாக்டர்கிட்ட எழுதியும் குடுத்தாச்சு, அளவு எடுத்த தாளோட.”

கோகிலவாணி அவளையே பார்த்தாள்.

“என்னைய வாடி போடின்னு கூப்புட்டீங்களே, மூடுடின்னு.”

“மன்னிச்சுக்குங்க்கா.”

“மன்னிப்பு எதுக்குங்க? அப்படிக் காலையிலயே கூப்புட்டிருக்கலாமில்லீங்க அம்மணி.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷைமாவுக்கு அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ராக்கியப்பனிடம் அவளே போய்ச் சொன்னாள். மருந்து கெட்டுப்போனது, தெரிந்தும் வெளியே சொல்லாதது, ஒரு வார்த்தை இரண்டாகப் போனது. ஒன்றையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

“இப்போ அந்தக் கட்டி எல்லாம் உள்ளதானுங்க இருக்குது?”

“ஆமாங்க. அது தானாக் கரையற சரக்குதாங்க. ஆனா மெதுவாத்தான் கரையும். அது வரைக்கும் நுரையீரல் தாங்கணும்.”

“தாங்குமுங்களா?”

“டாக்டர் தாங்கும்னுதான் நினைக்கறாருங்க. உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் சொன்னாருங்க.”

“நீங்க வேணும்னேவா பண்ணியிருப்பீங்க?” என்றார் ராக்கியப்பன். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் வரலாம் என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். ராக்கியப்பன் போய்விட்டு உடனே திரும்பி வந்தார்.

“உங்களைத்தான் கேக்கறா அம்மணி. கண்ணாடி போட்ட மருந்துக்காரப் பொண்ணு வந்திருக்குதான்னு கேட்டா. வந்திருக்குதுன்னேன்.”

திரைக்குப் பின்னால் சென்னியம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. ஒவ்வொரு மூச்சையும் ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பது போல இழுத்துக்கொண்டிருந்தாள். ஷைமாவைப் பார்த்ததும் மூடியை விரலால் தூக்கினாள்.

“கழட்டாதீங்கம்மா” என்றாள் ஷைமா.

“சித்தெ… பேச உடு கண்ணு.” இழுத்தாள். “மருந்து… கெட்டுப்போச்சாமா?”

“ஆமாங்கம்மா. எங்க தப்புங்க. என்ற தப்புங்க.”

சென்னியம்மாள் அதைக் கையால் ஒதுக்கினாள், ஈயை ஓட்டுவது போல.

“செரி, கெட்டது கெட்டுப்போச்சு. நல்லது… எப்ப வரும்?”

ஷைமாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சென்னியம்மாள் அடுத்த தவணையைக் கேட்கிறாள். அந்த மருந்தில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. பாதிக் கட்டி சுருங்கியிருந்ததே.

மாலையில்தான் தகவல் வந்திருந்தது. எல்லா ஊரிலும், எல்லா ஆஸ்பத்திரியிலும் சோதனை நிறுத்தம். விசாரணை முடியும்வரை ஒரு சொட்டுக்கூட யாருக்கும் கிடையாது. முடிந்த பிறகும் வருமா என்று யாருக்கும் தெரியாது. பார்க்கலாம், கவலைப்படாதீங்க, டாக்டர் சொல்லுவாங்க என்று மரியாதையான பதில்கள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன.

“வராதுங்கம்மா” என்றாள். “நிறுத்திட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு இப்போதைக்கு வராது. எப்போ வரும்னும் தெரியாது.”

சென்னியம்மாள் விரலை எடுக்கவில்லை. மூடி மூக்குக்கு மேல் தூக்கியபடியே இருந்தது. பக்கத்து இயந்திரத்தில் எண் ஒன்று இறங்கி மினுக்கத் தொடங்கியது.

“அப்போ… எனக்கு?”

பின்னால் வந்து நின்ற கோகிலவாணி ஷைமாவை மெதுவாக விலக்கிவிட்டு, சென்னியம்மாளின் விரலை எடுத்து, மூடியைப் பழையபடி பொருத்தினாள்.

“மூச்சை இழுங்க ஆத்தா” என்றாள். “இழுங்க. அதை மட்டும் பாருங்க இப்போ.”

சென்னியம்மாள் ஷைமாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் மூச்சை இழுத்தாள்.